சரியான இருவர், சரியான காலத்தில்: தொழில்முறைக் குத்துச்சண்டையின் இன்றைய நிலை

2018 டிசம்பர் 1, லாஸ் ஏஞ்சல்ஸ். ஹெவிவெயிட், அதாவது மிகக் கனமான எடைப்பிரிவின் பட்டத்துக்கான சண்டையின் பன்னிரண்டாவது சுற்று, அதாவது கடைசிச் சுற்று. டியான்டே வைல்டரின் வலக்கைக் குத்து டைசன் ஃபியூரியின் முகத்தில் இறங்குகிறது. அவர் சரியத் தொடங்கும்போதே பக்கவாட்டில் வளைந்து வரும் இடக்கைக் குத்தான ஹூக்கும் வந்து சேர்கிறது. ஆறடி ஒன்பது அங்குல மனிதர் மல்லாந்து விழுகிறார். கைகள் விரிந்து கிடக்கின்றன. எல்லாம் முடிந்துவிட்டது என்று வைல்டர் கொண்டாடவே ஆரம்பித்துவிட்டார். ரெஃபரி ஜாக் ரீஸ் அந்த இடத்திலேயே சண்டையை நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. ஃபியூரியின் பக்கத்தில் குனிந்து எண்ண ஆரம்பித்தார். பாதி எண்ணிக்கை வரை உடம்பில் அசைவே இல்லை. பிறகு திடீரென்று கண் திறந்தது. ஒன்பது எண்ணும்போது ஃபியூரி நின்றுகொண்டிருந்தார். நின்றதோடு விடவில்லை, அந்தச் சுற்றின் மிச்ச நேரத்தில் வைல்டரைத் திருப்பி அடிக்கவும் செய்தார்.

அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எழுவார் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஃபியூரி மன அழுத்தத்தில் மூழ்கி, போதைக்குள் போய், உடல் எடை ஏறக்குறைய 180 கிலோவைத் தொட்டு, வாழ்க்கையே போதும் என்ற நிலைக்குப் போனவர். அந்தப் பின்னணி தெரிந்தவர்களுக்கு அந்த ஒன்பது எண்ணிக்கையின் பொருள் இன்னும் கனமானது. குத்துச்சண்டை ஏன் இன்னும் மக்களை இழுக்கிறது என்று யாராவது கேட்டால், விளக்கம் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

குத்துச்சண்டை செத்துக்கொண்டிருக்கிறது என்ற பேச்சு பல வருடங்களாக ஓடுகிறது. ஆனால் அரங்கங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 2024 செப்டம்பரில் ஆண்டனி ஜோஷுவாவும் டேனியல் டுபுவாவும் மோதியபோது லண்டன் வெம்ப்ளியில் கூடியவர்கள் 96,000 பேர். 2025 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் கனேலோ அல்வாரெஸும் டெரன்ஸ் கிராஃபோர்டும் மோதியதை நேரில் பார்த்தவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். டோக்கியோ டோமில் நவோயா இனோவே சண்டையிட்டபோது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரு மனிதனும் இன்னொரு மனிதனும் ஒரு சதுரத்துக்குள் நிற்பதைப் பார்க்க இத்தனை பேர் வருகிறார்கள் என்றால், ஆசைக்குக் குறைவில்லை. ரசிகர் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: இந்த எடையில் சிறந்தவர்கள் இருவர் என்றால், அவர்கள் இருவரும் நல்ல நிலையில் இருக்கும்போதே மோத வேண்டும். அவ்வளவுதான். இந்த எளிய ஆசையை நிறைவேற்றுவதுதான் இந்த விளையாட்டுக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

முதல் சிக்கல் பட்டங்கள். ஒரு காலத்தில் எட்டு எடைப்பிரிவு, எட்டு சாம்பியன்கள். இப்போது பதினேழு எடைப்பிரிவுகள். ஒவ்வொன்றிலும் பட்டம் தருகிற பெரிய அமைப்புகள் நான்கு. 1921-இல் வேர்விட்ட டபிள்யூபிஏ, 1963-இல் வந்த டபிள்யூபிசி, 1983-இல் ஐபிஎஃப், 1988-இல் டபிள்யூபிஓ. பெருக்கிப் பார்த்தால் ஒரே நேரத்தில் அறுபத்தெட்டு உலகப் பட்டங்கள். அது போதாதென்று இடைக்காலச் சாம்பியன், வெள்ளிப் பட்டம், வைரப் பட்டம் என்று வேறு. புதிதாகப் பார்க்க வருகிறவரிடம் ‘இவர்தான் உலகச் சாம்பியன்’ என்று சொன்னால், ‘அப்படியானால் அவர் யார்?’ என்று இன்னொருவரைக் காட்டிக் கேட்பார். நியாயமான கேள்வி.

இந்த அமைப்புகள் சண்டைகளை நடத்துவதில்லை. அங்கீகாரம் மட்டும் தருகின்றன. அந்த அங்கீகாரத்துக்கு வீரரின் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொள்கின்றன. பொதுவாக மூன்று சதவீதம் அளவில். பட்டச் சண்டை கூடினால் கட்டணம் கூடும், ஆகவே பட்டமும் கூடுகிறது. கனேலோவை வென்று மூன்றாவது எடைப்பிரிவிலும் நான்கு அமைப்புகளின் பட்ட பெல்ட்டுகளையும் சேர்த்துப் பிடித்த கிராஃபோர்டிடமிருந்து, கட்டணம் கட்டவில்லை என்ற காரணத்துக்காக மூன்றே மாதத்தில் டபிள்யூபிசி தன் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வளையத்துக்குள் அவரிடமிருந்து அதை யாராலும் பறிக்க முடிந்ததில்லை. அந்த டிசம்பரிலேயே, ஒரு தோல்வியும் இல்லாமல், அவர் ஓய்வை அறிவித்துவிட்டார்.

அலெக்சாண்டர் உசிக்கின் கதை இதைவிட வேதனையானது. 1999-இல் லெனாக்ஸ் லூயிஸ் எவாண்டர் ஹோலிஃபீல்டை வென்ற பிறகு, ஹெவிவெயிட்டில் எல்லாப் பெரிய பட்டங்களையும் வைத்திருக்கும் மறுப்பில்லாத ஒரே சாம்பியன் என்று யாரும் இருந்ததில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 2024 மே 18 அன்று ரியாத்தில் ஃபியூரியை வென்று உசிக் அந்த இடத்தைப் பிடித்தார். ஒன்பதாவது சுற்றில் அவர் அடித்த அடியில் ஃபியூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சரி, இருபத்தைந்து வருடம் காத்திருந்து கிடைத்த அந்த ஒரே சாம்பியன் எவ்வளவு நாள் நீடித்தார்? சுமார் ஒரு மாதம். ஃபியூரியுடன் மறுசண்டை ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்தது. ஐபிஎஃப் விதிப்படி அவர் வேறொருவருடன் மோத வேண்டும். எனவே அந்த பெல்ட்டை விட்டுக்கொடுத்தார். அது டுபுவாவிடம் போனது. அந்த டுபுவாவை உசிக் முந்தைய வருடமே வென்றிருந்தார்! 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டுபுவாவை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி நான்கையும் மறுபடி ஒன்றுசேர்த்தார். சில மாதங்களில் டபிள்யூபிஓ பெல்ட் கையை விட்டுப் போனது. ஒரு மனிதர் இரண்டு முறை மலையேறிக் கொடி நட்டும், கொடியைக் கழற்றிவிட்டார்கள்.

அடுத்தது, யார் யாருடன் மோதுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி. கால்பந்தில் அட்டவணை வந்துவிட்டால் எந்த அணியும் ‘இவர்களோடு விளையாட மாட்டோம்’ என்று சொல்ல முடியாது. டென்னிஸில் குலுக்கலில் யார் வருகிறாரோ அவரோடு ஆடித்தான் ஆக வேண்டும். குத்துச்சண்டையில் லீக் கிடையாது, அட்டவணை கிடையாது. ஒவ்வொரு பெரிய சண்டையும் தனித்தனியாகப் பேரம் பேசி உருவாக்கப்படுகிறது. இந்தப் பக்கம் சண்டையை ஏற்பாடு செய்து விற்கும் ஒரு புரொமோட்டர், அந்தப் பக்கம் ஒரு புரொமோட்டர். இவருக்கு ஒரு தொலைக்காட்சி, அவருக்கு வேறொரு தொலைக்காட்சி. பணத்தில் யாருக்கு எத்தனை சதவீதம், மறுசண்டை உண்டா, யார் பெயர் முதலில் என்று பேச்சு நீளும். அதற்குள் இருவருக்கும் வயதாகிவிடும்.

ஃபிளாய்ட் மேவெதர், மேனி பாக்கியாவ் சண்டை இதற்கு ஆறாத வடுவாக நிற்கிறது. பேச்சு தொடங்கியது 2009 இறுதியில். மேவெதருக்கு 32 வயது, பாக்கியாவுக்கு 31. இருவரும் உச்சத்தில் இருந்தார்கள். ரத்தப் பரிசோதனை, பணப் பங்கீடு, புரொமோட்டர்களின் பகை என்று இழுத்து இழுத்து, கடைசியில் 2015 மே 2 அன்று மோதினார்கள். அப்போது வயது 38, 36. அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் வீடுகள் தனியாகப் பணம் கட்டிப் பார்த்தன. பே-பெர்-வியூ வரலாற்றில் அதுதான் உச்சம். அவர்களுக்குக் கிடைத்தது கவனமாக, தள்ளி நின்று ஆடப்பட்ட பன்னிரண்டு சுற்றுகள். தோள்பட்டைக் காயத்தோடு சண்டையிட்டதாக பாக்கியாவ் பிறகு சொன்னார். முதல் முறையாகக் குத்துச்சண்டை பார்க்க உட்கார்ந்த லட்சக்கணக்கானவர்கள் ‘இதற்கா இவ்வளவு?’ என்று எழுந்து போனார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆதங்கமாக இருக்கிறது.

ஃபியூரி, ஜோஷுவா சண்டையும் இப்படித்தான். 2021-இல் தேதி வரை வந்துவிட்டது. வைல்டருக்கு மூன்றாவது சண்டை தர ஃபியூரி கடமைப்பட்டவர் என்று மத்தியஸ்தத்தில் தீர்ப்பு வந்ததும் எல்லாம் கலைந்தது. அடுத்த சில மாதங்களிலேயே ஜோஷுவா உசிக்கிடம் தோற்றார். இரண்டு பிரிட்டன் சாம்பியன்கள் எல்லாப் பட்டங்களோடும் நேருக்கு நேர் நிற்கும் அந்த இரவு அதோடு போய்விட்டது.

பேரம் இவ்வளவு இழுபடுவதற்கு ஒரு ஆழமான காரணம் உண்டு. அதுதான் பூஜ்யத்தின் மீதான மோகம். மேவெதர் 50 சண்டை, 50 வெற்றி, 0 தோல்வி என்று முடித்தார். அந்தப் பூஜ்யத்தையே அவர் விற்பனைப் பொருளாக்கினார், பிரமாதமாக விற்றது. அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை வீரர்களும் அவர்களின் மேலாளர்களும், ஒரு தோல்வி வந்தால் சந்தை மதிப்பு சரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். விளைவு, ஆபத்தில்லாத எதிராளிகளைத் தேடித் தேடி, குண்டுச்சட்டிக்குள்ளேயே குதிரை ஓட்டி, இருபது, இருபத்தைந்து வெற்றிகளைச் சேர்க்கிறார்கள்.

சுகர் ரே ராபின்சன் காலத்தில் இந்தப் பயம் இல்லை. 1943 பிப்ரவரி 5 அன்று டெட்ராய்ட்டில் ஜேக் லாமோட்டாவிடம் அவர் தோற்றார். அதுவே அவருடைய முதல் தொழில்முறைத் தோல்வி. பிப்ரவரி 19 அன்று வேறொருவருடன் மோதி வென்றார். பிப்ரவரி 26 அன்று அதே டெட்ராய்ட்டில் அதே லாமோட்டாவைச் சந்தித்து வென்றார். மூன்றே வாரம்! மொத்தம் 19 தோல்விகளோடு ஓய்வுபெற்ற அவரைத்தான் எடை வேறுபாடில்லாமல் எக்காலத்துக்கும் சிறந்தவர் என்று பெரும்பாலான வல்லுநர்கள் இன்னும் சொல்கிறார்கள். முகமது அலியும் ஃபிரேசரிடம் தோற்றார், நார்ட்டனிடம் தாடை உடைந்து தோற்றார். அந்தத் தோல்விகள் இல்லையென்றால் மணிலாவில் ஃபிரேசரோடு பதினான்கு சுற்று நடந்த அந்தப் போருக்கு அர்த்தமே இருந்திருக்காது. ராபின்சன் வாழ்க்கையை இன்றைக்கு யாரும் வாழ முடியாது, வாழவும் கூடாது. மூன்று வாரத்தில் மூன்று சண்டை உடம்புக்குச் செய்கிற கேட்டை இப்போது நாம் அறிவோம். ஆனால் தோல்வியைப் பற்றிய அந்தக் காலத்துப் பார்வை திரும்பி வந்தால், ரசிகர் கேட்கிற சண்டைகளில் பாதி தானாக நடக்கும்.

தொலைக்காட்சியின் கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. அமெரிக்கச் சந்தாத் தொலைக்காட்சியான எச்பிஓ 1973-இல் ஃபோர்மன், ஃபிரேசர் சண்டையோடு குத்துச்சண்டைக்குள் வந்து, 2018 இறுதியில் வெளியேறியது. 1986 முதல் இருந்த ஷோடைம் 2023 இறுதியில் கடையைக் கட்டியது. இடைப்பட்ட காலத்தில் பெரிய சண்டைகள் எல்லாம் சந்தாவுக்கு மேல் தனிக் கட்டணம் என்ற பூட்டுக்குள் போயின. இருக்கிற ரசிகரிடம் மேலும் மேலும் கறக்கும் ஏற்பாடு அது. புதிய ரசிகர் உள்ளே வரும் வாசலை அது அடைத்துவிட்டது. சிறுவன் ஒருவன் தற்செயலாகத் தொலைக்காட்சியைப் போட்டு, ஒரு நல்ல சண்டையைப் பார்த்து, வாழ்நாள் ரசிகனாவதற்கு வழி இல்லாமல் போனது.

அந்த வெற்றிடத்தில் இரண்டு சக்திகள் நுழைந்தன. ஒன்று சவூதிப் பணம். சவூதி அதிகாரி துர்கி அல்-அஷ்ஷேக் தலைமையில் ரியாத் சீசன் என்ற கேளிக்கை விழா வந்த பிறகு, பகையாளிப் புரொமோட்டர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். உசிக்கும் ஃபியூரியும் இருமுறை மோதினார்கள். பெத்தர்பியேவும் பிவோலும் லைட் ஹெவிவெயிட்டின் எல்லாப் பட்டங்களுக்கும் இருமுறை மோதி, ஆளுக்கொன்றாக வென்றார்கள். ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டவை இவை. நாட்டின் மனித உரிமை நிலையை மறைக்க விளையாட்டு திரையாகிறது என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. ஒரே ஒருவரின் ஆர்வத்தின் மேல் நிற்கும் வீடு, அந்த ஆர்வம் தணிந்தால் என்ன ஆகும்? சண்டை நடக்கும் ஊரில் வீரரோடு வளர்ந்த கூட்டம் இல்லாதபோது, அந்த உறுமலும் பாட்டும் இல்லாத இரவு எப்படியோ வெறிச்சென்று இருக்கிறது.

மற்றொன்று நெட்ஃபிளிக்ஸும் இணையப் பிரபலங்களும். 2024 நவம்பரில் 27 வயது யூடியூப் பிரபலம் ஜேக் பாலும் 58 வயது மைக் டைசனும் மோதியதை ஆறு கோடி வீடுகளில் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் சொன்னது. அந்தச் சண்டையைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. டைசனின் கால்கள் நகரவே இல்லை. ஆனால் அதே இரவில், அதற்கு முந்தைய சண்டையாக கேட்டி டெய்லரும் அமண்டா செர்ரானோவும் மோதினார்கள். பிரபலத்தைப் பார்க்க வந்த கோடிக்கணக்கானவர்கள், புருவம் கிழிந்து ரத்தம் வழிய செர்ரானோ முன்னேறிக்கொண்டே இருந்ததையும், டெய்லர் நகராமல் நின்று பதில் சொன்னதையும் பார்த்தார்கள். பிரபலச் சண்டையால் ஒரு பயன் உண்டென்றால் அது அந்த இருபது நிமிடம்தான். ஒரு வருடம் கழித்து ஜேக் பால் ஜோஷுவாவோடு மோதி, ஆறாவது சுற்றில் தாடை உடைந்து வீழ்ந்தார். பெயரும் புகழும் கயிற்றுக்கு வெளியேதான் உதவும் என்பது அன்றைக்கு உலகமே பார்க்கத் தெரிந்தது.

பெண்கள் குத்துச்சண்டையை நான் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன குறைகள் அங்கே குறைவு. 2022 ஏப்ரலில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டெய்லரும் செர்ரானோவும் முதல் முறை மோதியபோது, இரண்டு பெண்கள் அந்த அரங்கின் முதன்மைச் சண்டையில் நின்றது அதுவே முதல் தடவை. ஐந்தாவது சுற்றில் டெய்லர் விழாமல் நின்றதே ஆச்சரியம். மூன்று வருடத்தில் மூன்று முறை மோதினார்கள், யாரும் யாரையும் தவிர்க்கவில்லை. ஆண்களுக்கு உள்ளதுபோல மூன்று நிமிடச் சுற்று வேண்டும் என்று கேட்டு, அதை ஏற்காத டபிள்யூபிசி-யின் பெல்ட்டையே செர்ரானோ கைவிட்டார்.

தீர்ப்புகள் இன்னொரு காயம். ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது, விழுந்தால் எட்டு. மூன்று நடுவர்கள் மூன்று பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். நெருக்கமான சுற்றில் கருத்து வேறுபடுவது இயல்புதான். ஆனால் 2017-இல் கனேலோவும் கொலோவ்கினும் அடிக்கு அடி நின்ற சண்டைக்கு ஒரு நடுவர் கனேலோ பக்கம் 118-110 என்று எழுதியதை எப்படி இயல்பு என்பது? நடுவர் ஏன் அப்படிக் கொடுத்தார் என்று விளக்கம் கேட்கும் வழக்கம் இந்த விளையாட்டில் வேர்விடவில்லை. ரசிகர் நம்பிக்கை இழக்கும் இடங்களில் இது முக்கியமானது.

இதற்கெல்லாம் மருந்தாக, ஒரே நிறுவனம் பட்டம், தரவரிசை, சண்டை எல்லாவற்றையும் நடத்தலாம் என்ற யோசனை இப்போது பலமாக எழுந்திருக்கிறது. கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி-யை வைத்திருக்கும் நிறுவனம் சவூதித் துணையோடு குத்துச்சண்டைக்குள் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2000-இல் வந்த முகமது அலி சட்டம், புரொமோட்டரும் மேலாளரும் ஒருவராக இருக்கக் கூடாது, வருமானக் கணக்கை வீரருக்குக் காட்ட வேண்டும் என்கிறது. அதைத் திருத்தும் மசோதா 2025-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தது. ரசிகருக்கு இது கவர்ச்சியாகத் தெரியும்: சிறந்தவர்கள் கட்டளைப்படி மோதுவார்கள். ஆனால் யுஎஃப்சி-யில் வீரர்களின் பேரம் பேசும் பலம் குறைந்ததும், ஊதியம் அமுக்கப்பட்டதாகத் தொடுத்த வழக்கை அந்த நிறுவனம் 37.5 கோடி டாலர் கொடுத்து முடித்ததும் நம் கண் முன்னால் நடந்தவை. நான் நல்ல சண்டைக்காக ஏங்குகிறவன்தான். ஆனாலும் அடி வாங்குகிறவரின் பங்கைக் குறைத்து வரும் ஒழுங்கு எனக்கு வேண்டாம்.

அடி வாங்குவது என்பது வெறும் பேச்சு அல்ல. 1982-இல் பதினான்காவது சுற்றில் வீழ்ந்த தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்த பிறகுதான் பட்டச் சண்டைகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கின. 2025 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒரே நாளில் ஒரே அரங்கில் வெவ்வேறு சண்டைகளில் மோதிய இருவர், இருவருக்கும் வயது 28, மூளைக் காயத்தால் அடுத்தடுத்து இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் ரசிகர் பார்க்கிறார். அதனால்தான் சுற்றுகளுக்கு இடையிலான அந்த ஒரு நிமிடம் எனக்கு முக்கியம். ஸ்டூலில் உட்கார்ந்த வீரரின் வாயிலிருந்து பல் காப்பை எடுத்துக் கழுவுகிறார் ஒருவர். இன்னொருவர் கிழிந்த புருவத்தில் மருந்து தோய்த்த பஞ்சுக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார், குளிர்ந்த இரும்புத் துண்டால் கன்ன வீக்கத்தை அமுக்குகிறார், வாசலீன் தடவுகிறார். பயிற்சியாளர் கண்ணுக்குக் கண் பார்த்து, இவனை மறுபடி அனுப்பலாமா என்று முடிவெடுக்கிறார். மணிலாவில் பதினான்காவது சுற்று முடிந்ததும் ஃபிரேசரைப் போக விடாமல் தடுத்த அவருடைய பயிற்சியாளர் எட்டி ஃபட்ச்சைவிடப் பெரிய முடிவை எந்தச் சாம்பியனும் எடுத்ததில்லை என்றே நினைக்கிறேன்.

டோக்கியோ டோமுக்கு வருகிறேன். 2024 மே 6. அந்த அரங்கில் 1990-இல் பஸ்டர் டக்ளஸ் டைசனை வீழ்த்திய பிறகு நடந்த முதல் குத்துச்சண்டை நிகழ்ச்சி. 26 சண்டையில் 26 வெற்றி, ஒரு முறைகூடக் கீழே விழுந்திராத இனோவே, முதல் சுற்றிலேயே லூயிஸ் நேரியின் இடக்கை ஹூக்கில் விழுந்தார். அவர் துள்ளி எழவில்லை. ஒரு முழங்காலை ஊன்றி, ரெஃபரியின் விரல்களைப் பார்த்து, எட்டு வரை காத்திருந்து எழுந்தார். அடுத்த சுற்றில் நேரியைக் கீழே தள்ளினார், ஐந்தில் மறுபடி, ஆறில் முடித்தார். அதற்குப் பிறகு அவர் பத்திரமான எதிராளியைத் தேடி ஒதுங்கவில்லை. 2025-இல் மட்டும் நான்கு முறை வளையத்துக்குள் வந்தார். மே மாதம் லாஸ் வேகாஸில் ரமோன் கார்டெனாஸ் இரண்டாவது சுற்றில் அவரை இன்னொரு ஹூக்கில் விழவைத்தார். இனோவே எழுந்தார், கையுறைகளை உயர்த்தினார், பின்வாங்காமல் கார்டெனாஸை நோக்கி நடந்தார்.